ஊரில் எஞ்சியவர்கள்: துருக்கியத் திரைப்படங்களில் குர்பத்

அரபு மொழியிலிருந்து துருக்கிக்குச் சென்று அங்கேயே வேரூன்றிவிட்ட சொற்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று குர்பத். அந்நியத்தன்மை, பிற இடத்தில் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். ‘கரீப்’ என்று நாம் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். துருக்கியர் இதனைக் ‘குர்பெத்’ என்பர். பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்றவன் ‘குர்பெத்ஜி’. மற்றொன்று ஸிலா. இரத்த உறவைச் சேர்த்து வாழ்தல் என்ற பொருளில் ‘ஸிலத்துர் ரஹ்ம்’ என்று நாம் அறிந்திருப்பதில் உள்ள அதே ஸிலாதான். ஆனால் துருக்கிய வழக்கில் அச்சொல் ஒரு விந்தையான பயணத்தை மேற்கொண்டிருக்கிறது. சேர்தல் என்று பொருள்படும் சொல், நாளடைவில் குர்பத்தில் இருப்பவன் ஏங்குகின்ற பிறந்த மண்ணுக்கே பெயராகிவிட்டது. உறவும் ஊரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இவ்விரு சொற்களும் ஊரைவிட்டுப் போனவனின் வாயிலிருந்து பிறந்தவை என்பது கவனிக்கத்தக்கது. அவன் இருக்கும் இடம் குர்பத். அவன் ஏங்கும் இடம் ஸிலா. ஊரிலேயே எஞ்சிவிட்ட தாய்க்கும் தந்தைக்கும் தம் நிலையைச் சொல்ல இத்தகைய ஒரு சொல் வாய்க்கவில்லை. துருக்கியத் திரைப்படமும் நெடுங்காலம் இச்சொற்களின் வழியிலேயே நடந்தது என்பது நமது கருத்து. போகிறவனைப் பின்தொடர்ந்த ஒளிப்படக் கருவி, வாசலில் நின்றவர்களை நோக்கித் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வாறு திரும்பிய படங்கள் சிலவற்றையும், அவை கண்டதையும் காணத் தவறியதையும் இங்கு நோக்குவோம்.

1950ஆம் ஆண்டில் துருக்கியின் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் கிராமவாசிகளாக இருந்தனர். அப்பத்தாண்டில் உழவு இயந்திரங்கள் வந்தன, சாலைகள் வந்தன, நிலமற்றவர்களும் சிறு நிலக்காரர்களும் இஸ்தன்பூலுக்கும் அங்காராவுக்கும் பெயர்ந்தனர். நகர விளிம்புகளில் இரவோடிரவாக எழுப்பப்பட்ட குடிசை வீடுகளுக்கு ‘கெஜெகொந்து’ என்றே பெயராயிற்று. ‘இரவில் வந்து அமர்ந்தது’ என்பது அதன் பொருள். 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1973இல் ஜெர்மனி ஆளெடுப்பை நிறுத்தும் வரை இலட்சக்கணக்கானோர் அவ்வழியே சென்றனர். இன்று கிராமத்தின் பங்கு என்ன என்று கேட்டால் அரசின் புள்ளிவிவரம் சற்றே நகைப்புக்குரிய விடையைத் தருகிறது. 2012இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பெருநகர மாகாணங்களின் எல்லைக்குள் இருந்த பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களை நகரத்தின் வட்டாரங்களாக மாற்றியது. ஆகவே 2012இல் ஏறக்குறைய 23 விழுக்காடாக இருந்த கிராமவாசிகள் அடுத்த ஆண்டுக் கணக்கில் 9 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினர். ஒருவரும் மூட்டை கட்டவில்லை. ஒரு பேருந்தும் புறப்படவில்லை. ஊரில் எஞ்சியிருந்த கிழவனும் கிழவியும் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே நகரவாசிகள் ஆகிவிட்டனர்.

எஞ்சியிருப்போரின் உண்மை நிலையை வேறு எண்கள் காட்டுகின்றன. துருக்கியின் மொத்தக் கருவள விகிதம் 2001இல் 2.38 ஆக இருந்து 2024இல் 1.48 ஆகக் குறைந்துவிட்டது. 65 வயதைக் கடந்தவர்கள் 2024இல் நாட்டு மக்களில் 10.6 விழுக்காட்டினராக இருந்தனர். ஆனால் கருங்கடலோர மாகாணமான சினோப்பில் ஐந்தில் ஒருவர் அவ்வயதைக் கடந்தவர். 1989இல் தொடங்கிய, மாணவரை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கொண்டுசெல்லும் திட்டமும், 1997இல் கட்டாயக் கல்வி எட்டாண்டுகளாக்கப்பட்டதும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளின் கதவை மூடின. பள்ளி மூடப்பட்ட ஊரில் இளம் தம்பதியர் தங்குவதில்லை. அவர்கள் தங்காத ஊரில் பள்ளி மீண்டும் திறப்பதில்லை.

முதற்கட்டத் திரைப்படங்களில் முதியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களும் உடன் புறப்பட்டுவிடுகிறார்கள். ஹாலித் ரெஃபீ 1964இல் இயக்கிய ‘குர்பெத் குஷ்லாரி’ (குர்பத்துப் பறவைகள்) மராஷ் நகரிலிருந்து இஸ்தன்பூலைக் கைப்பற்றும் கனவோடு வந்து ஹைதர்பாஷா ரயில் நிலையத்தில் இறங்கும் ஒரு முழுக் குடும்பத்தின் கதை. குடும்பம் சிதைகிறது, எஞ்சியோர் ஊர் திரும்புகின்றனர். திரும்பிச் சென்றால் ஊர் அங்கேயே, அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை அப்படத்துக்கு இருந்தது. லுத்ஃபி அகாதின் ‘கெலின்’ (மணமகள், 1973) இன்னும் கூர்மையானது. யோஸ்காத்திலிருந்து வந்து மளிகைக் கடை நடத்தும் குடும்பத்தில், நோயுற்ற பேரனின் சிகிச்சைக்கு வேண்டிய பணம் கடையின் விரிவாக்கத்துக்குப் போகிறது, சிறுவன் இறந்துபோகிறான். அங்கே பாட்டனார் கைவிடப்பட்டவர் அல்லர். பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவர். இல்மாஸ் கூனெய் எழுத, ஸெகி ஓக்தென் இயக்கிய ‘சூரூ’ (மந்தை, 1978) அந்த அதிகாரத்தின் முடிவைக் காட்டியது. ஆட்டு மந்தையை ரயிலேற்றி அங்காராவுக்குக் கொண்டுவந்த இனக்குழுத் தலைவர் ஹமோ, மக்களையும் மந்தையையும் இழந்து, தலைநகரின் நெரிசலில் தன்னந்தனியாக நிற்கிறார். குடும்பத் தலைமை என்பது ஊரோடு ஒட்டியது, ஆளோடு கூட வருவதன்று என்பதை அக்காட்சி சொல்லிவிடுகிறது. எனினும் அவரும் ஊரைவிட்டு வந்தவர்தாம்.

வராமலே இருந்துவிட்டவர்களை முதன்முதலில் அமர்ந்து, பொறுமையாகப் பார்த்தவர் என்று நூரி பில்கே ஜெய்லானைச் சொல்லத் தோன்றுகிறது. 1999இல் வெளிவந்த அவரது ‘மாயிஸ் சிகிந்திசி’யில் (மே மாதச் சலிப்பு) இஸ்தன்பூலில் வாழும் முஸஃப்பர் என்ற படக்கலைஞன், தன் பெற்றோரையே நடிக்கவைத்துப் படமெடுக்கச் சொந்த ஊருக்கு வருகிறான். பெற்றோராக நடிப்பவர்கள் இயக்குநரின் உண்மையான தாய் தந்தையரான ஃபாத்மாவும் எமினுமே. முதியவருக்கோ படத்தில் நாட்டமில்லை. தாம் ஆண்டாண்டாகப் பேணி வளர்த்த மரங்கள் நிற்கும் நிலத்தை அரசு அளவையாளர்கள் வந்து வனநிலம் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதே அவரது கவலை. மகனின் கண்ணுக்கு அதே மரங்கள் ஒளி விழும் அழகான பின்னணி.

முஸஃப்பர் தீயவன் அல்லன். தந்தையோடு சண்டையிடுவதில்லை, மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆயினும் அவன் ஊருக்கு வந்தது எடுத்துக்கொண்டு போவதற்காகவே: முகங்களை, குரல்களை, மே மாத வெயிலை. ஊரைவிட்டுச் சென்றவர்கள் பணம் அனுப்புவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் ஊரிலிருந்து எடுத்துச் செல்வதைப் பற்றிப் பேசுவது அரிது. ஜெய்லான் தம்மையே கூண்டில் நிறுத்தி அதைப் பேசுகிறார். இறுதியில், விடியற்பொழுதில் மரங்களின் அடியில் தந்தை உறங்குகிறார். அவர் காத்து நின்றது எவருக்காக என்ற வினா பார்வையாளனிடம் விடப்படுகிறது. அம்மரங்களை ஏற்றுக்கொள்ளப் பிள்ளை வரப்போவதில்லை என்பது அதற்குள் நமக்குத் தெரிந்திருக்கிறது.

அதே படத்தில் ஸஃப்பெத் என்றோர் இளைஞன் உண்டு. நகரத்துக்குப் போகத் துடிப்பவன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவன். முஸஃப்பரின் வாக்கை நம்பித் தொழிற்சாலை வேலையை விடுகிறான். பின்னர் அவ்வாக்கு காற்றாகிப் போகிறது. அவனாக நடித்த மெஹ்மெத் எமின் தொப்ராக்கே 2002இல் வந்த ‘உஸாக்’ (தொலைவு) படத்தில் யூசுஃபாக இஸ்தன்பூலின் பனியில் வந்து இறங்குகிறார். ஊர்த் தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரம் பேர் வேலையிழந்திருக்கின்றனர். 2001ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியைக் கண்டிருந்த துருக்கியருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலில் வேலை தேடும் யூசுஃப், முன்பே நகரில் நிலைபெற்றுவிட்ட உறவினன் மஹ்முதின் வீட்டில் தங்குகிறான். ஒரே ஊர், ஒரே இரத்தம்; ஆனால் வரவேற்பறை மட்டும் இரண்டு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. தொலைந்துபோன ஒரு கடிகாரத்துக்காக யூசுஃபின் மீது ஐயம் விழ விடுகிறான் மஹ்முத். அது தன் கையில் கிடைத்த பின்னும் கிடைத்தது என்று சொல்வதில்லை. ஸிலத்துர் ரஹ்ம் அறுந்துபோவதற்குப் பெருங்குற்றம் எதுவும் வேண்டியதில்லை, சொல்லாமல் விட்ட ஒரு சொல் போதும் என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய படத்தை நாம் கண்டதில்லை. இப்படம் 2003இல் கான் விழாவில் பெரும் பரிசைப் பெற்றது. நடிகர் இருவருக்கும் சிறந்த நடிகர் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. தொப்ராக் அதைப் பெறுவதற்கு இல்லை. 2002 டிசம்பரில் சாலை விபத்தொன்றில் இறந்திருந்தார்.

‘உஸாக்’கைப் பற்றி எழுதியோரில் பலரும் இரு ஆண்களின் தனிமை குறித்தே எழுதினர். தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தாய்மார்களை நாம் மறந்துவிடக் கூடாது. படத்தின் தலைப்பிலுள்ள தொலைவு அவர்களிடமிருந்தே அளக்கப்படுகிறது.

செமிஹ் கப்லான்ஓலுவின் ‘யுமுர்தா’ (முட்டை, 2007) ஒரு மரணச் செய்தியோடு தொடங்குகிறது. இஸ்தன்பூலில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் கவிஞன் யூசுஃப், தாயின் அடக்கத்துக்காக இஸ்மிர் மாகாணத்தின் டிரே என்னும் சிற்றூருக்கு வருகிறான். தாயுடன் வசித்து வந்தவள் அய்லா என்ற இளம் உறவுப்பெண். அவள் இருப்பதே அவனுக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. தாய் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள், ஓர் ஆட்டுக்கிடாயை அறுத்துக் குர்பானி கொடுக்க வேண்டும், அதை நீங்கள்தாம் நிறைவேற்ற வேண்டும் என்று அய்லா கூறுகிறாள். யூசுஃப் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான். நேர்ச்சை என்பது நம்மூர்ப் பெண்கள் தம் பிள்ளைகளின் பெயரால் வைத்துக்கொள்ளும் ஒன்றாகவே நமக்குப் பழக்கம். இறந்த தாயின் நேர்ச்சை பிள்ளையின் கழுத்தில் வந்து விழுவதை, வாரிசுரிமையின் மற்றொரு வகையாகவே கப்லான்ஓலு காண்கிறார். வீடும் நிலமும் போலக் கடமையும் விட்டுச்செல்லப்படுகிறது. அதை நிறைவேற்றிவிட்டுப் புறப்படும் யூசுஃபை இரவில், திறந்த வெளியில், ஆட்டு மந்தையைக் காக்கும் பெருநாய் ஒன்று மறித்து வீழ்த்திக் காவலிருக்கிறது. விடியும் வரை அந்த இடத்தைவிட்டு நகர முடியாமல் கிடக்கும் அவன் குலுங்கி அழுகிறான். பின்னர் டிரேக்கே திரும்புகிறான்.

படம் அழகானது. ஆனால் நமக்கு ஒரு குறை உண்டு. தாயின் இறுதி ஆண்டுகளில் அவளுக்குச் சோறூட்டியவளும், அவள் வைத்த நேர்ச்சையை நினைவில் வைத்திருந்தவளும் அய்லாதான். படமோ யூசுஃபின் ஆன்ம மீட்சியை விட்டுப் பார்வையை எடுப்பதில்லை; அய்லா அம்மீட்சிக்கு ஒரு படிக்கட்டாகிறாள். முதுமையடையும் ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு பெண் இருக்கிறாள்: மணமாகாத மகள், விதவை மருமகள், தூரத்து உறவுப்பெண். போனவர்களின் மனவேதனையைக் கலை பேசுகிறது. தங்கியவளின் உழைப்பு கலைக்குப் பின்னணிதான்.

யெஷிம் உஸ்தாஓலுவின் ‘பந்தோராவின் பெட்டி’ (2008) நமது பொருளை நேர்முகமாக எடுத்துக்கொண்ட படம். கருங்கடலை அடுத்த மலைக்கிராமத்தில் தனித்து வாழும் நுஸ்ரத் என்ற முதியவள் காணாமற்போய்விட்டாள் என்று இஸ்தன்பூலில் வசிக்கும் மூன்று மக்களுக்கும் செய்தி வருகிறது. நெஸ்ரின், குஸின், மெஹ்மெத் மூவரும் ஒரே வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்கின்றனர். வழிநெடுகப் பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்கின்றனர். தாய் கிடைக்கிறாள், மறதி நோய் முற்றியிருக்கிறது. நகருக்குக் கொண்டுவரப்படும் அவள் ஒருவர் வீட்டிலிருந்து மற்றொருவர் வீட்டுக்கு மாற்றப்பட்டு, ஈற்றில் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறாள். அவளோடு ஒட்டிக்கொள்பவன் நெஸ்ரினின் மகன் முராத் மட்டுமே. தாயோடு பிணங்கி வீட்டைவிட்டு ஓடியவன். பாட்டியை இல்லத்திலிருந்து அழைத்துக்கொண்டு மலைக்கே போய்விடுகிறான்.

நுஸ்ரத்தாக நடித்த டிசில்லா ஷெல்டன் தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு நடிகை. துருக்கி மொழி வசனங்களைப் பயின்று பேசியவர். கருங்கடல் மலையின் தாய்க்குத் துருக்கியில் ஒரு கிழவி கிடைக்கவில்லையா என்று முதலில் நமக்கும் எரிச்சலாகவே இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது அந்த எரிச்சல் தணிந்தது. தன் மக்களின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, எந்த மொழிக்கும் பிடிபடாதவள்போல் அவர் பார்க்கும் பார்வையில் குர்பத் முழுவதும் இருக்கிறது. எண்பது ஆண்டுகள் ஊரைவிட்டு அசையாதவள், பிள்ளைகளின் வீட்டிலே கரீப் ஆகிறாள். சான் செபாஸ்தியன் விழாவில் படம் தங்கச் சிப்பி விருதைப் பெற்றது. ஷெல்டனும் சிறந்த நடிகை விருதை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

படத்தின் முடிவைப் பலர் விடுதலை என்று புகழ்ந்துள்ளனர். முதியவள் ஒரு காலைப் பொழுதில் வீட்டைவிட்டு இறங்கி மலையை நோக்கி நடக்கிறாள். பேரன் பார்க்கிறான், தடுப்பதில்லை. நினைவு முற்றாக அழியுமுன் தன் மலையில் கரைந்துவிட அவள் விரும்பினாள், அவளைப் புரிந்துகொண்ட ஒருவன் அதற்கு இசைந்தான் என்பது இவ்விளக்கம். நாம் இதை ஏற்கத் தயங்குகிறோம். முதியோரை மலையுச்சியில் விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதை ஒன்றுண்டு. ஷோஹெய் இமாமுராவின் கையில் அது ‘நராயாமாவின் கதைப்பாட்டு’ ஆகி 1983இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அங்கே பஞ்சத்தால் வாடும் ஊரில் மகன் தாயை முதுகில் சுமந்து மலையேறுகிறான்; ஒவ்வோர் அடியிலும் அவன் சுமப்பது என்ன என்பது அவனுக்கும் நமக்கும் தெரிகிறது. இங்கே சுமை இல்லை. தாயே நடந்து போய்விடுகிறாள். முடிவு ஒன்றுதான், ஆனால் ஒருவர் முதுகும் வளையவில்லை. சுதந்திரம் என்ற பெயரில் இளைய தலைமுறைக்கு வழங்கப்படும் இந்தப் பாவமன்னிப்பு மிக மலிவானது.

நோயை இயக்குநர் கையாண்ட விதத்திலும் இதே தப்பித்தல் தெரிகிறது. நுஸ்ரத்துக்கு மறதி நோய் இல்லாமல் இருந்திருந்தால்? முழங்கால் வலியும் கண்புரையும் மட்டும் உடைய, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிற ஒரு கிழவி, ‘நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் வாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் மக்கள் மூவரும் என்ன விடை கூறியிருப்பர்? பெரும்பாலான ஊர்களில் எஞ்சியிருப்போர் இத்தகையோரே. அவர்களது மறதி அன்று, அவர்களது நினைவே பிள்ளைகளுக்குக் கடினமானது. நோய் அந்த உரையாடலைத் தேவையற்றதாக்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இப்படங்கள் அனைத்திலும் வினா பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலானதாகவே நின்றுவிடுகிறது. ஊர் என்ற கூட்டு அங்கே இல்லை. ஃபுகஹாக்கள் இவ்விடயத்தில் திரைக்கலைஞர்களைவிட நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, தொழுது, சுமந்து அடக்குவதை அவர்கள் ஃபர்ளு கிஃபாயா என்றனர். சிலர் செய்தால் அனைவர் மீதுள்ள கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். ‘சிலர்’ என்று சொல்லும்போது சுமக்கும் தோள்கள் ஊரில் உண்டு என்பது முன்னிபந்தனையாக இருக்கிறது. எழுபது வயதுக்காரர் ஐவர் மட்டும் எஞ்சியிருக்கும் ஊரில், கடமையிலிருந்து விலகியோர் சிலரல்லர், ஊரே விலகிவிட்டது. ஜும்ஆவைப் பற்றிய சட்டமும் இத்தகையதே. துருக்கியர் பெரிதும் ஹனஃபிகள். அவர்களுக்கு இமாமைத் தவிர மூவர் போதும், ஆனால் ஊர் ‘மிஸ்ர்’ என்னும் நகரத் தன்மை பெற்றிருக்க வேண்டும் என்பது அவர்களின் பழைய நூல்கள் கூறும் நிபந்தனை. ஷாஃபிஈகளோ நாற்பது ஆண்களைக் கேட்கின்றனர். அந்த நாற்பதின்மரும் ஊரையே உறைவிடமாகக் கொண்டவர்களாக, கோடையிலும் குளிரிலும் தேவையின்றி அகலாதவர்களாக இருக்க வேண்டும். வழிப்போக்கரும் விடுமுறைக்கு வந்தவரும் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள்.

சோழமண்டலக் கரையிலுள்ள நம் ஊர்களில் பெரும்பாலானவை ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவை என்பதால் இந்தச் சட்டம் நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. சபுராளிகள் அனுப்பிய பணத்தில் பள்ளிவாசல்கள் விரிவடைந்துள்ளன. பளிங்குத் தரை நீண்டுள்ளது. உறைவிடமாகக் கொண்ட நாற்பது பேரை முன்வரிசைகளில் எண்ணிப் பார்த்தால் தாடி நரைத்தவர்கள் எத்தனை, பள்ளிச் சிறுவர்கள் எத்தனை, இடைப்பட்டவர்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு ஊர் வாசகரும் தாமே அறிவார். பெருநாள் தொழுகையின் கூட்டம் இதற்குச் சான்றாகாது.

எல்லா ஊர்களும் விரும்பிக் காலி செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. துருக்கியின் தென்கிழக்கில் 1990களில் குர்துகளின் கிராமங்கள் வலிந்து காலி செய்யப்பட்டன. 1998இல் துருக்கிய நாடாளுமன்றக் குழுவே தன் அறிக்கையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளையும் ஏறத்தாழ மூன்றே முக்கால் இலட்சம் மக்களையும் கணக்கிட்டது. அங்கே நன்றி மறந்த பிள்ளைகளைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. உஸ்தாஓலு ‘பந்தோராவின் பெட்டி’க்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த ‘சூரியனை நோக்கிய பயணம்’ (1999) இதைப் பேசியது. நமது மதிப்பீட்டில் அதுவே அவருடைய மேலான படம். ஏனெனில் அதில் சுமை உண்டு. இஸ்தன்பூலில் உயிரிழக்கும் பெர்ஸான் என்ற குர்து நண்பனின் உடலை, அவனது ஊரான ஸோர்துச்சில் அடக்குவதற்காக நாட்டின் குறுக்கே கொண்டுசெல்கிறான் மெஹ்மெத். அவன் குர்து அல்லன். கறுத்த நிறத்தால் அவ்வாறு கருதப்பட்டுத் துன்புற்றவன். அவனது சொந்த ஊர் மேற்கே உள்ள டிரே, ‘யுமுர்தா’வின் யூசுஃப் திரும்பிச் சென்ற அதே டிரே. வழியெல்லாம் கதவுகளில் அடையாளக் குறியிடப்பட்ட வீடுகளையும் ஆளற்ற தெருக்களையும் கடந்து அவன் போய்ச் சேரும்போது ஸோர்துச் அணை நீருக்கடியில் கிடக்கிறது. அப்பயணத்தில் ரயிலில் எதிரே அமரும் இளம் படைவீரன் ஒருவன் தன் ஊர் டிரே என்கிறான். உன் ஊர் எது என்று கேட்கிறான். மெஹ்மெத் ‘ஸோர்துச்’ என்று விடை சொல்கிறான்.